வசந்தகுமாரி தேர்ந்தெடுத்த ரெகுலேட்டர்

பூந்தமல்லியில் மீன் தொட்டி விற்கும் கடை ஒன்றில் வசந்தகுமாரி வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு சனிக்கிழமை மதியம் ஹேமநாதன் அந்தக் கடைக்குள் போய், "இருக்கறதுலயே லைட்டான ரெகுலேட்டர் எதுங்க?" என்று கேட்டான்.

அந்தக் கடையில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. தொட்டிக்குள் செடி வளர்ப்பவர்கள் கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டர் வாங்குவார்கள். அதன் வாயில் மாட்ட ஒரு ரெகுலேட்டரும் வாங்குவார்கள். சிலிண்டருக்குள் அடைபட்டுக் கிடக்கும் வாயுவின் அழுத்தத்தைக் குறைத்து, வேண்டிய அளவுக்கு மட்டும் வெளியே விடுவது அதன் வேலை. வருகிறவர்கள் விலை கேட்பார்கள், உத்தரவாதம் கேட்பார்கள். எடை கேட்டவன் இவன் ஒருவன்தான்.

"தொட்டி பக்கத்துல ஓரமா நிக்கப் போவுது. லைட்டா இருந்தா இன்னா, வெயிட்டா இருந்தா இன்னா சார்?" என்றார் வசந்தகுமாரி.

"தொட்டிக்கு இல்லங்க. கப்பலுக்கு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஹேமநாதன் போனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினான். இடுப்பளவுத் தண்ணீர் உள்ள ஒரு குட்டை. அதில் சாம்பல் நிறப் போர்க்கப்பல்கள் இரண்டு, ஒவ்வொன்றும் ஒரு ஆள் கையை விட நீளம், ஒன்றையொன்று சுற்றி வருகின்றன. கரையில் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிய ஆட்கள் கையில் ரிமோட்டோடு நிற்கிறார்கள். பட் பட்டென்று சத்தம். ஒரு கப்பலின் பக்கவாட்டில் ஓட்டைகள் விழுகின்றன. அது மெல்லச் சாய்ந்து, மூக்கைத் தூக்கி, தண்ணீருக்குள் போய்விடுகிறது.

வசந்தகுமாரி கடைசி வரை பார்த்துவிட்டுக் கேட்டார். "அந்த குண்டத் தள்றது கேஸா?"

"ஆமாங்க."

"எத்தினி கிலோ?"

"கப்பலா? நாலே கால் கிலோ."

"கப்பல் இல்ல சார். பிரஷரு."

"ஓ. பத்து."

"ரிலீஃப் வால்வு எங்க கீது?"

"அதெல்லாம் வைக்கலங்க. எடை ஏறிடும்னு."

"அப்ப ரெகுலேட்டர் புட்டுக்கினா, உள்ள கீற பிரஷர் எங்க போவும்? உங்க மூஞ்சிக்கா?"

அன்று மாலை எங்கள் குழுவுக்கு அவனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. 'மீன் கடையில ஒரு அக்கா இருக்காங்க. நம்ம ஆறு பேரையும் சேத்து வச்சாலும் அவங்களுக்கு ஈடாகாது.'

எங்களைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். நாங்கள் ஆறு பேர். காட்டுப்பாக்கம், அம்பத்தூர், ஆவடி என்று ஆளுக்கொரு திசை. இரண்டாம் உலகப் போரில் ஓடிய கப்பல்களை நூற்று நாற்பத்து நான்கில் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்து, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருவர் கப்பலை ஒருவர் சுட்டு மூழ்கடிக்கிறோம். கப்பலின் பக்கங்கள் நகம் பட்டாலே தடம் விழும் பால்சா மரத்தில் இருக்கும். பீரங்கியில் போடுவது சின்ன எஃகுக் குண்டு. மூழ்கிய கப்பலைக் காலால் தேடி எடுத்து, ஓட்டையை அடைத்து, அடுத்த வாரம் மறுபடி இறக்குவோம். இவ்வளவு எடைக்கு மேல் போகக்கூடாது என்று ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு வரம்பு உண்டு. பேட்டரி, மோட்டார், தண்ணீர் இறைக்கும் பம்பு, சிலிண்டர், பீரங்கி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அதனால்தான் ஐம்பது கிராமுக்கெல்லாம் தலையை உடைத்துக்கொள்வோம். நான் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். எங்கள் குட்டையில் அதிக தடவை மூழ்கியது என் கப்பல்தான்.

வசந்தகுமாரியைப் பற்றி நான் எழுதுவதில் பாதி கண்ணால் பார்த்தது. மீதி அவரே சொன்னது.

அவருக்கு நாற்பத்தேழு வயது. நூம்பலில் பிறந்தவர். அம்மா தாயம்மா அங்கே மற்றவர்கள் நிலத்தில் கூலி வேலை பார்த்தார். வசந்தகுமாரி பன்னிரண்டாவது முடித்துவிட்டு, பத்தொன்பது வயதில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ரெகுலேட்டர் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தார். முதலில் அட்டைப்பெட்டி மடிக்கும் வேலை. இரண்டு வருடத்தில் சோதனை மேசைக்கு மாற்றினார்கள். அதன் பிறகு இருபது வருடம் அந்த மேசையை விட்டு நகரவில்லை.

வேலை கேட்பதற்கு எளிது. ரெகுலேட்டரைத் தண்ணீரில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு வெளியே போகும் வழியை மூடிவிட்டு, அழுத்தத்தைக் காட்டும் மீட்டரைப் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நல்ல ரெகுலேட்டரில் முள் வைத்த இடத்தில் நிற்கும். உள்ளே அடைப்பு சரியாக உட்காராத ரெகுலேட்டரில் வாயு கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வர, முள் மேலே ஏறிக்கொண்டே போகும்.

"மொத ரெண்டு நிமிஷம் எல்லா ரெகுலேட்டரும் யோக்கியன் மாதிரிதான் நிக்கும் சார்," என்பார். "பாதிப்பேர் அதோட எழுந்து போயிடுவாங்க. நான் மட்டும் உக்காந்துகினு இருப்பேன்."

ஒரு மார்ச் மாதக் கடைசியில் இருநூறு ரெகுலேட்டர்கள் வெல்டிங் பட்டறைகளுக்குப் போக வேண்டியிருந்தது. அவர் அதில் இருபதை எடுத்துப் பார்த்தார். மூன்றில் முள் ஏறியது. இருநூறையும் பார்க்காமல் கையெழுத்துப் போட முடியாது என்று சொன்னார். சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டே, "நீ ஒருத்தி கையெழுத்து போடலன்னா லாரி நின்னுடுமாம்மா?" என்றார். லாரி நிற்கவில்லை. வேறொருவர் கையெழுத்துப் போட்டார். அடுத்த திங்கட்கிழமை வசந்தகுமாரியை மறுபடி பெட்டி மடிக்க அனுப்பினார்கள். நான்கு வருடம் மடித்தார். பிறகு கம்பெனி ஒரகடம் தாண்டிப் போனது. போக வர மூன்று மணி நேரம் பஸ்ஸில் உட்கார முடியாதென்று நின்றுவிட்டார்.

அந்த இருநூறு ரெகுலேட்டருக்கு என்ன ஆயிற்று என்று அவருக்குக் கடைசி வரை தெரியாது. ஒருநாள் குட்டைக் கரையில் அதை நான் கேட்டேன்.

"ஒண்ணும் ஆயிருக்காதுன்னுதான் நெனச்சிக்கிறேன்," என்றார். "எவனோ ஒருத்தன் கையில வெல்டிங் டார்ச்ச வெச்சிகினு நிக்கிறான். அவனுக்கு ஒண்ணும் ஆவக்கூடாது. ஆனா ஒண்ணுமே ஆவலன்னா நான் நாலு வருஷம் அட்டப்பொட்டி மடிச்சது எதுக்குன்னு ஒரு நெனப்பு வரும் சார். அந்த நெனப்பு வர்றப்ப எனக்கே என்னப் புடிக்காது."

ஹேமநாதன் கூப்பிட்டு, அவர் முதன்முதலில் குட்டைக்கு வந்தது ஜனவரிக் கடைசியில் ஒரு ஞாயிறு காலை. ஹேமநாதனுக்கு வேலை போரூரில், கம்ப்யூட்டரில் இயந்திரப் பாகங்கள் வரைகிற கம்பெனியில். வீடு காட்டுப்பாக்கத்தில். ஆனால் குடும்பம் பல தலைமுறையாக நூம்பல்தான். நிலத்தில் பெரும்பகுதி மனையாகி விற்றுப்போய், மிச்சமிருந்த மூலையில் அந்தக் குட்டை இருந்தது. அதன் கரையில்தான் எங்கள் தகரக் கொட்டகை.

வசந்தகுமாரி வேலப்பன்சாவடியில் ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கி நடந்து வந்தார். கடைக்காரரிடம் சொல்லி வாங்கி வந்த சோதனை மீட்டரும் ஒரு ரெகுலேட்டரும் துண்டில் சுற்றிக் கையில் இருந்தது. கொட்டகை வாசலில் ஹேமநாதனின் அப்பா லோகநாதன் நின்றிருந்தார். வந்தவரை உற்றுப் பார்த்தார்.

"நீ தாயம்மா பொண்ணுதானே?"

"ஆமாங்க."

"இங்கதான் நாத்து நடுவா, தோ, இந்த மூலைல."

"தெரியுங்க. நானும் வந்துகீறேன்."

ஹேமநாதன் உள்ளேயிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து வந்து மேசைக்கு முன் போட்டு, "உக்காருங்கக்கா," என்றான். அவர் லோகநாதனை ஒரு முறை பார்த்துவிட்டு உட்கார்ந்தார். அந்த நிலத்தில் தன் அம்மா வரப்பில் தவிர வேறெங்கும் உட்கார்ந்து பார்த்ததில்லை என்று பின்னால் ஒருநாள் என்னிடம் சொன்னார். அன்றைக்கு முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. துண்டை அவிழ்த்து இரண்டையும் மேசையில் எடுத்து வைத்தார்.

மேசையில் மூன்று ரெகுலேட்டர்கள் இருந்தன. சமையலறைத் தராசு ஒன்றும் இருந்தது. முதலாவது வெல்டிங் ரெகுலேட்டர். ஒன்றரைக் கிலோவைத் தாண்டியதால் பேச்சே இல்லாமல் ஓரம் போனது. இரண்டாவது ஹேமநாதன் ஆன்லைனில் வரவழைத்த அலுமினிய ரெகுலேட்டர். நூற்றுப் பத்து கிராம்.

"எலுமிச்சம்பழம் மாதிரி இருக்கு பாருங்க," என்றான் ஆசையாக.

மூன்றாவது வசந்தகுமாரி கடையிலிருந்து எடுத்து வந்த பித்தளை ரெகுலேட்டர். இரண்டு மீட்டர், ஒரு ரிலீஃப் வால்வு எல்லாம் சேர்த்து நானூற்று இருபது கிராம். ரிலீஃப் வால்வு என்பது அழுத்தம் அளவு மீறினால் தானே திறந்து வாயுவை வெளியே விட்டுவிடும் சின்னக் குமிழ்.

எலுமிச்சம்பழத்தை முதலில் சிலிண்டரில் மாட்டினார். வெளிவழியில் தன் மீட்டரைப் பொருத்தி, பத்தில் முள்ளை நிறுத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டார். இரண்டு நிமிடம் ஆனது. முள் அசையவில்லை.

"சூப்பர்," என்றான் ஹேமநாதன்.

"இரு தம்பி."

நான்காவது நிமிடம் பத்தரை. ஏழாவது நிமிடம் பன்னிரண்டு. யாரும் எதையும் தொடவில்லை. பத்தாவது நிமிடம் பதினான்கில் இருந்தது, இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. அவர் சிலிண்டரை மூடி வாயுவை வெளியே விட்டார். "இன்னும் வெயில் ஆரம்பிக்கல. மே மாசத்துல சிலிண்டர் சூடாயி உள்ள பிரஷர் எகிறும். அப்ப இது இன்னா பண்ணும்னு எனக்குத் தெரியாது," என்றார்.

பித்தளையை மாட்டினார். பத்தில் வைத்தார். பத்து நிமிடம் கழித்தும் பத்து. அதற்கு மேலும் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தார். பிறகு விரலால் அதைத் தட்டி, "இது," என்றார்.

"முன்னூத்திப் பத்து கிராம் அதிகம்க்கா. என் கப்பல்ல அது மலை."

"அப்ப ஒரு பீரங்கியக் கொற."

எல்லோரும் சிரித்தோம். சுவேதா மட்டும் சிரிக்கவில்லை. அவள் ஆவடியில் பல் மருத்துவர். எங்கள் குழுவில் குறி தப்பாமல் சுடுகிறவள். "என்கிட்டயும் இதே அலுமினியம்தான் இருக்கு. ஒரு வருஷமா ஓட்டுறேன். ஒண்ணும் ஆகல," என்றாள்.

வசந்தகுமாரி அவளைப் பார்த்தார். "ஆவலன்னா சந்தோஷம்தான் டாக்டரம்மா," என்றார். குரலில் குத்தல் இல்லை. ஆனாலும் அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

முள் பதினான்குக்குப் போனதைக் கண்ணால் பார்த்துவிட்டதால் ஹேமநாதன் பித்தளையையே மாட்டினான். எடை வரம்பைத் தாண்டியதை அந்த ஒரு சண்டைக்கு மட்டும் கண்டுகொள்ளாமல் விட்டோம். இரண்டு வாரம் கழித்துச் சண்டை. அன்று வசந்தகுமாரியும் வந்து கரையில் நின்றார்.

சுவேதாவின் கப்பலும் ஹேமநாதனின் கப்பலும் மோதின. இருவரும் வெகுநேரம் சமமாகத்தான் சுட்டார்கள். ஆனால் ஹேமநாதனின் கப்பல் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் குடிகாரன் போலச் சாய்ந்தது. சாய்ந்த பக்கத்தில், நீர்மட்டத்துக்கு மேலே இருந்த ஓட்டைகளெல்லாம் தண்ணீருக்குள் போயின. பம்பு துப்பித் துப்பிப் பார்த்தது. ஒன்பதாவது நிமிடத்தில் கப்பல் கவிழ்ந்தது.

"லைட்டானதப் போட்டிருந்தா தப்பிச்சிருக்கும்டா," என்றான் பரத். அவன் எங்கள் குழுவில் இளையவன். மனதில் பட்டதைச் சொல்லிவிடுவான். சுவேதாவின் கப்பல் அதே மாதிரி எலுமிச்சம்பழத்தோடு அலுங்காமல் கரைக்குத் திரும்பியது.

ஹேமநாதன் தண்ணீரில் இறங்கிக் காலால் துழாவி, சேறு வடிய வடியக் கப்பலைத் தூக்கி வந்தான். வசந்தகுமாரி அவனருகில் போனார்.

"என்னாலதான?"

"அதெல்லாம் இல்லக்கா." கொஞ்சம் வேகமாகவே சொல்லிவிட்டான். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. தேநீர் குடிக்காமலே கிளம்பிப் போனார்.

அந்த வாரம் முழுக்க அவருக்கு அதே நினைப்பு. தான் சொன்னது தப்பில்லை என்று தெரியும். ஆனால் தான் சொன்னதைக் கேட்டவன் தோற்றுவிட்டான். சரியானதைச் சொல்லிவிட்டு நகர்ந்துகொண்டால் போதுமா, அதோடு அவன் கப்பல் மிதக்கவும் வழி சொல்ல வேண்டாமா என்று தோன்றியிருக்கிறது. கம்பெனியில் அவர் வேலை, கூடும் கூடாது என்று சொல்வதோடு முடிந்துவிடும். கூடாததை என்ன செய்வது என்பது வேறு யாரோ பார்க்கிற வேலை.

வீட்டில் கணவர் துலுக்கானத்திடம் சொன்னார். துலுக்கானம் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். சாப்பிட்டுக்கொண்டே கேட்டவர், "அந்த ரெகுலேட்டர கப்பல்ல எங்க வெச்சிகீறாங்க?" என்றார்.

"மேல. தட்டுக்கு கீழ, நடுவுல."

"அடப்பாவிங்களா. லோடு மேல கீதுன்னா திரும்பறப்ப சாயாம இன்னா பண்ணும்? கீழ வெக்கச் சொல்லு."

அடுத்த ஞாயிறு அவர் நேராகக் கொட்டகைக்கு வந்து, "கப்பலத் தொற," என்றார். ஹேமநாதன் மேல்தட்டைக் கழற்றினான். அவர் குனிந்து பார்த்தார். கப்பலின் அடிவயிற்றில், முதுகெலும்பு போல ஓடும் கட்டையின் மேல், இரண்டு ஈயக் கட்டிகள் ஒட்டியிருந்தன.

"இது இன்னாத்துக்கு?"

"கப்பல் நேரா நிக்கறதுக்குக்கா. அடியில வெயிட் வேணும்."

"எத்தினி?"

"இருநூத்தி அம்பது கிராம்."

வசந்தகுமாரி நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். எங்களுக்கு ஒரு நொடி ஆனது. அப்புறம்தான் புரிந்தது. மேலே முந்நூறு கிராம் அதிகம் என்று அழுதுகொண்டே கீழே ஈயத்தைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறோம். இருபது வருடமாகப் பிள்ளைகளுக்கு ஈர்ப்பு மையம் சொல்லிக்கொடுக்கும் நான், அப்போது தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஈயம் வெளியே வந்தது. அந்த இடத்தில் பித்தளை ரெகுலேட்டரைப் படுக்க வைத்தார்கள். இரண்டு மீட்டரையும் கழற்றச் சொன்னார் வசந்தகுமாரி. ஹேமநாதன் தயங்கினான்.

"மீட்டர் நாம பாக்கறதுக்கு. வேலை செய்யறது உள்ள கீற அடைப்பு. கரைல என் மீட்டர வெச்சி பத்துல நிறுத்திடுவோம். அப்பால தண்ணிக்குள்ள எவன் எட்டிப் பாக்கப் போறான்?"

மீட்டர் இருந்த ஓட்டைகளைச் சின்ன அடைப்புத் திருகால் மூடினார்கள். நூற்றுப் பதினைந்து கிராம் குறைந்தது. உற்சாகத்தில் ஹேமநாதனின் கை ரிலீஃப் வால்வுப் பக்கம் போனது.

"அது மேல கை வெக்காத."

கையை எடுத்துவிட்டான். சிலிண்டரை வாய் மேலே பார்த்திருக்கும்படி சாய்த்து வைக்கச் சொன்னார். படுக்கப் போட்டால் உள்ளே திரவமாக இருப்பது அப்படியே ரெகுலேட்டருக்குள் இறங்கி உறைந்துவிடும் என்றார். எல்லாம் முடித்துத் தராசில் வைத்தபோது, கப்பல் வரம்புக்குள் நாற்பது கிராம் மிச்சம் வைத்து நின்றது. குட்டையில் இறக்கி முழு வேகத்தில் வளைத்தான். கொஞ்சம் சாய்ந்தது, உடனே நிமிர்ந்துகொண்டது.

அடுத்த சண்டையில் அவன் ஜெயிக்கவில்லை. இருபத்து மூன்று ஓட்டைகளோடு மிதந்தபடி கரை சேர்ந்தான். புள்ளிக் கணக்கில் சுவேதாதான் முதல். ஆனால் அந்த இருபத்து மூன்று ஓட்டைகளையும் ஹேமநாதன் விரல் வைத்து எண்ணிய சந்தோஷத்தைப் பார்த்தால் யாரும் அவனைத் தோற்றவன் என்று சொல்லமாட்டார்கள்.

இதற்குப் பத்து நாள் கழித்து நடந்ததுதான் வசந்தகுமாரிக்குப் பெரிது. ஒரு புதன்கிழமை சாயங்காலம் சுவேதா தனியாகப் பூந்தமல்லிக் கடைக்கு வந்தாள். பல் மருத்துவக் கருவிகளைச் சுத்தம் செய்து போடும் காகித உறை ஒன்றை மேசையில் வைத்தாள். உள்ளே அவளுடைய அலுமினிய ரெகுலேட்டர்.

"அக்கா, இத ஒரு தடவ பாத்துடுங்க. யார்கிட்டயும் சொல்லாம வந்திருக்கேன்."

"உக்காருங்க."

கடைக்குப் பின்னால் தொட்டிகள் வரிசையாக இருக்கும் இடத்தில் சிலிண்டரை வைத்து மாட்டினார். பத்தில் நிறுத்தினார். இருவரும் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தார்கள். இரண்டு நிமிடம். ஐந்து நிமிடம். பத்து நிமிடம் ஆனது. முள் பத்தில்.

கால் மணி நேரம். பத்து.

இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தார். பிறகு ஒரு தொட்டியிலிருந்து தண்ணீர் எடுத்து முக்கிப் பார்த்தார். ஒரு குமிழி இல்லை.

"நல்ல பீஸு டாக்டரம்மா. தைரியமா போடுங்க. ஒரு ரிலீஃப் வால்வு மட்டும் சேத்துக்கோங்க. முப்பத்தஞ்சு கிராம்தான்."

சுவேதா நம்பாமல் பார்த்தாள். "ஹேமநாதன்கிட்ட இருக்கறதும் இதே மாடல்தானே? ஒரே கம்பெனி."

"அது வேற பீஸு, இது வேற பீஸு. பேர வெச்சி இன்னா தெரியும்? மாட்டிப் பாத்தாத்தான் தெரியும்."

"நீங்க எப்படியாவது ஒரு குறை கண்டுபிடிச்சிடுவீங்கன்னு நெனச்சேன்."

"கொற இருந்தாதான சொல்லுவேன்," என்றார் வசந்தகுமாரி.

இதை அவர் என்னிடம் சொன்னபோது நாங்கள் குட்டைக் கரையில் என் கப்பலுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தோம்.

"அந்த முள்ளு ஏறுச்சின்னா எனக்குத்தான் ஜெயிப்பு. எல்லார் முன்னாடியும் நான் சொன்னது சரின்னு ஆயிருக்கும். ஆனா அந்த இருவது நிமிஷமும் ஏறக்கூடாது, ஏறக்கூடாதுன்னுதான் வேண்டிகினு உக்காந்திருந்தேன் சார். ஊட்டுக்குப் போயி யோசிச்சி பாத்தேன். பரவால்ல, நம்ம மனசு கெட்டுப் போவலன்னு இருந்துச்சி."

நான் அடுத்த ஓட்டைக்குப் பசை தடவினேன்.

சுவேதா அதை மறைத்து வைக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் அவளே சொல்லிவிட்டாள். எந்த ரெகுலேட்டரானாலும், பித்தளையோ அலுமினியமோ, வசந்தகுமாரி முன்னால் பத்து நிமிடம் நின்ற பிறகுதான் தண்ணீரில் இறங்கலாம் என்று அவள்தான் முதலில் சொன்னது. எல்லோரும் கை தூக்கினோம். அன்றைக்கே அவர் ஆறையும் சோதித்தார். ஐந்து தேறின. தேறாதது என்னுடையது. மூன்றாவது நிமிடத்திலேயே முள் கிளம்பிவிட்டது. ஒரு வருடமாக அதன் மேல் குனிந்து நின்று கப்பலைத் திறந்து மூடிக்கொண்டிருந்தவன் நான். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் வண்டியை மெதுவாகவே ஓட்டினேன்.

மே மாதம் எங்களுக்கு எந்த விபத்தும் நேரவில்லை. வசந்தகுமாரியால்தான் நேரவில்லையா, இல்லாவிட்டாலும் நேர்ந்திருக்காதா என்று சொல்ல முடியாது. அப்படிச் சொல்ல முடியாததுதான் அவர் வேலையின் கஷ்டம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. லோகநாதன் அந்த மாதத்தில் ஒருநாள் வந்து, மேசையில் நடப்பதையெல்லாம் பார்த்துவிட்டு, "பத்து நிமிஷம் சும்மா பாத்துக்கினு இருக்கறதுக்கு ஒரு வேலையா?" என்று மகனைக் கேட்டார். "அதான்ப்பா வேலை," என்றான் ஹேமநாதன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு போனார். ஒத்துக்கொண்டாரா இல்லையா என்று தெரியவில்லை. போகும்போது, "வரேம்மா," என்று வசந்தகுமாரியிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

ஜூலையில் ஒரு ஞாயிறு இரண்டு அணியாகப் பிரிந்து பெரிய சண்டை வைத்தோம். அந்த மாதிரிச் சண்டையில் பீரங்கியில்லாத சரக்குக் கப்பல் ஒன்று உண்டு. அது குட்டையின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு, எதிரி சுடச் சுடப் போய்ச் சேர வேண்டும். சேர்ந்தால் நிறையப் புள்ளி. அதை ஓட்ட வேண்டிய பரத்துக்குக் காய்ச்சல். ஹேமநாதன் ரிமோட்டை வசந்தகுமாரியிடம் நீட்டினான்.

"கேஸே இல்லாத கப்பலு. இதுல எனக்கு இன்னா வேல?"

"ஓட்டறதுதான்க்கா."

அவர் பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மகள் காவ்யாவும் அன்று வந்திருந்தாள். அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ரிமோட்டைப் பிடித்த விதத்தைப் பார்த்து, சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டாள். முதல் ஒரு நிமிடம் சரக்குக் கப்பல் ஒரே இடத்தில் வட்டம் போட்டது. பிறகு மூக்கு நேராகி, எதிர்க்கரையைப் பார்த்துக் கிளம்பியது. ஹேமநாதன் பக்கத்தில் காவலாக வந்தான். பாதி தூரம் போயிருக்கும். இடது பக்கத்திலிருந்து சுவேதாவின் கப்பல் பாய்ந்து வந்தது.

"டாக்டரம்மா, வாணாம்! என்னாண்ட துப்பாக்கி கூட இல்ல!"

பட் பட்டென்று குண்டுகள் விழுந்தன. பின்பக்கம் தாழ்ந்தது. வசந்தகுமாரி நிற்கவில்லை. கப்பலோடு சேர்ந்து கரையோரமாகவே நடந்து, முழங்கால் வரை தண்ணீரில் இறங்கிவிட்டார். "போ, போ, போ," என்று அதை விரட்டினார். எதிர்க்கரையில் நட்டிருந்த இரண்டு கொடிகளுக்கு நடுவே கப்பலின் மூக்கு நுழைந்தது. அதே நேரத்தில் பின்பக்கம் முழுதாய் மூழ்கி, கப்பல் நின்ற இடத்திலேயே தண்ணீருக்குள் உட்கார்ந்தது.

அது சேர்ந்ததா, மூழ்கியதா என்று அரை மணி நேரம் தகராறு. மூக்கு உள்ளே இருந்தது என்றோம் நாங்கள். முக்கால்வாசி வெளியே என்றாள் சுவேதா. எல்லோரையும் விட அதிகம் சத்தம் போட்டது, சேலை நனைந்து நீர் சொட்ட, கொடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த வசந்தகுமாரிதான்.